பெறுபவரின் கணினியைப் பார்த்து நிரல்மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக எழுதும் கட்டளைவரிக் கருவிகள் (கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் சிறு நிரல்கள்) பலவும், நான் பார்த்தவரை, எழுதியவரின் மடிக்கணினியைத் தாண்டுவதில்லை. பிறர் கையில் கொடுக்க வேண்டிய கருவியை எந்த நிரல்மொழியில் எழுதுவது என்ற கேள்வி வகுப்பில் எழாததே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

கும்பகோணத்துச் சிறு அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், தலபுராணம் எனப் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை இன்றைய பொது எழுத்துக் குறியீடான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் கருவியை எழுதுவது மாணவர்களுக்கு எட்டாத வேலையன்று. 'கொ' என்ற எழுத்தைப் பழைய எழுத்துரு கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகளாக வைத்திருக்கும். ஒருங்குறியிலோ ககரம் முன்னே நிற்க, ஒகரக் குறி ஒன்றாகப் பின்னே வரும். இந்த இடமாற்றம்தான் வேலையின் உயிர்நாடி.

ஆனால் அதைப் பைதான் என்ற நிரல்மொழியில் எழுதினால், அச்சகக் கணினியிலும் பொருத்தமான பைதான் பதிப்பும் துணை நூலகங்களும் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) இருந்தாக வேண்டும். பைஇன்ஸ்டாலர் என்ற கருவியைக் கொண்டு அனைத்தையும் ஒரே கோப்பாகக் கட்டலாம் என்பது உண்மையே. எனினும் விண்டோஸுக்கான கோப்பை விண்டோஸிலேயே கட்ட வேண்டியிருக்கிறது, கட்டியதையும் வைரஸ் தடுப்பு மென்பொருள் சில வேளைகளில் காரணமின்றித் தடுத்துவிடுகிறது. தன் சொந்தப் பயன்பாட்டுக்குப் பைதானைவிட வசதியான மொழி அரிது. கொடுத்தனுப்புவதற்கு அது ஏற்றதன்று.

கூகுள் 2009இல் வெளியிட்ட கோ மொழியில் எழுதினால், தேவையான அனைத்தும் அடங்கிய, சில மெகாபைட் அளவே உள்ள நேரடியாக இயங்கும் ஒரே கோப்பு கிடைக்கும். அதைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதும். 2015இல் வந்த 1.5 பதிப்பு முதல், இயங்குதளம், செயலி ஆகிய இரண்டையும் சூழல் மாறிகளில் (கட்டும் முன் கணினியில் குறிக்கும் அமைப்புகள்) குறித்தாலே லினக்ஸ் கணினியிலிருந்து விண்டோஸுக்கான கோப்பை உருவாக்க முடிகிறது. மென்பொருளைத் தனித்தனிப் பொதிகளாக இயக்கும் டாக்கர், அப்பொதிகளை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் ஆகியவை இம்மொழியில் எழுதப்பட்டவையே. ரஸ்ட் மொழியும் இவ்வாறே ஒற்றைக் கோப்பைத் தரும். ஆனால் நினைவகத்தில் உள்ள தரவு நிரலின் எப்பகுதிக்கு உரியது என்பது பற்றிய அதன் விதிகள் கைவர நாளாகும் என்பதால், ஒரே பருவத்தில் கருவியை முடித்தாக வேண்டிய மாணவருக்குக் கோ மொழியையே பரிந்துரைப்பேன்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் வந்த கோ 1.21 பதிப்பு விண்டோஸ் 10க்கு முந்தைய கணினிகளைக் கைவிட்டுவிட்டது. அச்சகத்தில் விண்டோஸ் 7 ஓடுமானால் 1.20 பதிப்பைக் கொண்டே கட்ட வேண்டும். கணினி 32 பிட்டா, 64 பிட்டா என்பதையும் முன்பே கேட்டறிய வேண்டும். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியும் என்பதால், முடிவைத் திரையில் காட்டாமல் கோப்பில் எழுதுவதே நல்லது.

எனவே கல்லூரித் துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திட்டப்பணித் தேர்வு நாளில் மாணவரின் மடிக்கணினியை ஒதுக்கிவைத்து, எந்த நிரல்மொழியும் நிறுவப்படாத, இணைய இணைப்பில்லாத ஒரு பழைய கணினியில் கருவியை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள், அதற்கெனத் தனி மதிப்பெண்ணும் ஒதுக்குங்கள்.

இங்ஙனம்,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
கும்பகோணம்.