60 நிமிஷம் எண்டு எழுதினா மார்க்ஸ் வரும், ஓடுறது எப்ப?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் வெள்ளவத்தையில இருக்கிற ஒரு தாய், மகள் பத்தாம் ஆண்டு. போன டேர்ம் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்துக்கு 91 எடுத்தவா. பேப்பரை வாங்கிப் பாத்தன், அவவின்ர வயசுப் பிள்ளையள் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடியாட வேணும் எண்ட கேள்விக்கு 60 நிமிஷம் எண்டு வடிவா எழுதியிருக்கிறா. நேற்று நீ எத்தினை நிமிஷம் எண்டு சும்மா கேட்டன், முழிச்சா. ரெண்டு பேருமா இருந்து எண்ணினம், ஸ்கூலுக்கு வான், வந்தா லிஃப்ட், டியூஷனுக்கு ஆட்டோ, இரவு போன், பாண் வாங்கக் கடைக்குப் போனது மட்டும் 7 நிமிஷம், அதுவும் நான் சத்தம் போட்டபடியால.

உடம்பைப் பற்றின விவரத்தை விளங்கித் தன்ர வாழ்க்கையில பாவிக்கிறதுக்கு சுகாதார எழுத்தறிவு எண்டு ஒரு பாரமான பேர் இருக்கு. டான் நட்பீம் எண்ட பொதுச் சுகாதாரப் பேராசிரியர் 2000இல இதை மூண்டா பிரிச்சு எழுதினவர், வாசிச்சு விளங்கிறது ஒண்டு, நாலு பேரோட கதைச்சுத் தன்ர வாழ்க்கையில செய்யப் பாக்கிறது அடுத்தது, வாற தகவல் உண்மையோ எண்டு அலசிறது மூண்டாவது. எங்கட பிள்ளையள் முதலாவதில நிண்டு மார்க்ஸ் எடுத்திட்டு வீட்ட வந்திடுதுகள். மகளுக்கு அந்த 60 நிமிஷமும் ஒரே மூச்சில செய்யத் தேவையில்ல, கிழமையில சராசரியா வந்தாக் காணும் எண்டு தெரியாது, உலக சுகாதார நிறுவனம் 2020இல அப்பிடித்தான் சொல்லியிருக்கு. பீரியட்ஸ் நேரம் விளையாடக் கூடாது எண்டு யாரோ கூட்டாளி சொன்னதை மட்டும் அப்பிடியே நம்பியிருக்கிறா. அண்ணன்காரன் இன்னும் மோசம், ஜிம்முக்குப் போகமுதலே புரோட்டீன் பவுடர் வேணுமாம், யூடியூப்ல பாத்தவனாம்.

இதில விவரம் கூடின பிள்ளையள் கொஞ்சம் கூட ஓடியாடுதுகள் எண்டு ஆய்வுகளில வருது, ஆனா விளையாடப் போற பிள்ளைக்கும் கோச்சிட்டயும் கூட்டாளிமாரிட்டயும் கேட்டு விவரம் கூடும்தானே, அதால எது முந்தி எண்டு நான் சண்டைக்கு வரேல்ல. 2016ஆம் ஆண்டுக் கணக்கில உலகத்தில 11 முதல் 17 வயசுப் பிள்ளையளில 81 வீதம் தேவையான அளவு அசையிறதில்லையாம், பெடியள் 78, பெட்டையள் 85. அந்த வித்தியாசம் ஏன் எண்டு எங்கட கடற்கரை ரோட்டு மெரின் டிரைவ்ல பின்னேரம் போய்ப் பாத்தா விளங்கும், அப்பாமார் நடப்பினம், பெடியள் சைக்கிள் ஓடுவினம், 15 வயசுப் பெட்டை தனிய ஓடினா எங்கட சனமே திரும்பிப் பாக்கும். இதுக்குப் பிள்ளைக்கு மட்டும் பாடம் எடுத்து என்ன செய்யிறது?

சோடாப் போத்தலைப் பாருங்கோ. இலங்கையில 2016இல இருந்து 100 மில்லிலீற்றரில 11 கிராமுக்கு மேல சீனி எண்டா சிவப்பு அடையாளம். மகளுக்கு அந்த 11 ஞாபகம் இல்ல, ஆனா சிவப்பைக் கண்டா வைச்சிட்டு வேற எடுக்கிறா. கையில எடுக்கிற நேரத்தில கண்ணுக்கு முன்னால நிண்டாத்தான் அது வேலை செய்யுது, புத்தகத்தில 40ஆம் பக்கத்தில கிடந்தா இல்ல.

ஸ்கூல்ல பீ.டி. பீரியட் கணக்குக்குப் போயிடும், ஓ.எல். வருதாம். பேரன்ட்ஸ் மீட்டிங்ல கேட்டன், மற்ற அம்மாமார் என்னை ஒரு மாதிரிப் பாத்திச்சினம். (ரெண்டு வருஷத்துக்கு முன்னம் நானும் அப்பிடித்தான் பாத்திருப்பன்.)

உங்கட பேப்பரில மாணவர் பக்கத்தில மாதிரி வினாத்தாள் போடுறீங்கள், அதில ஒரு மூலையில ஏழு நாள் கட்டம் ஒண்டு போடுங்கோவன், பிள்ளை தன்ர நிமிஷத்தைத் தானே எழுதட்டும், மார்க்ஸ் வேண்டாம். எங்கட வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறம். திங்கள் 12, செவ்வாய் 0, புதன் 25. புதன் ரெண்டு பேருமா பம்பலப்பிட்டி மட்டும் கடற்கரையால நடந்தனாங்கள், வரேக்க நான்தான் ஆட்டோ கேட்டனான்.

இப்படிக்கு,
ஒரு தாய், வெள்ளவத்தை