ஓணம் வண்டுக்குப் பொன்வண்டின் படமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேரளத்தில் கிடைத்த 'மலடெரா ஓணம்' என்ற புது வண்டைப் பற்றி நம் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். ஒரு பூச்சிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், நன்றி. ஆனால் பக்கத்தில் போட்டிருந்த படம் பொன்வண்டு. நாங்கள் சின்ன வயதில் தீப்பெட்டியில் வளர்த்தோமே, பச்சையாக மினுமினுக்குமே, அதேதான். அது வேறு குடும்பம். மலடெரா வகைகள் அவ்வளவு அழகெல்லாம் கிடையாது. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், மங்கலான பழுப்பு, வெல்வெட் துணி மாதிரி ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

படத்தை விடுங்கள். 'சாணத்தை உருட்டி மண்ணுக்கு உரமாக்கும் விவசாயிகளின் நண்பன்' என்று எழுதியிருந்ததைத்தான் விட முடியவில்லை. அது சாண வண்டு. இரண்டும் ஸ்கேரப் குடும்பம்தான், சரி, ஆனால் அந்தக் குடும்பத்தில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன; எங்கள் தென்னங்குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டும் அதில் ஒன்று, நிலக்கடலையை வேரோடு சாய்க்கும் வேர்ப்புழுவின் தாய் வண்டும் அதில் ஒன்று. மலடெரா வண்டுகள் இரவில் இலை தின்பவை, புழுக்கள் மண்ணுக்குள் வேர் தின்பவை. ஆசியாவிலிருந்து எப்படியோ அமெரிக்காவின் நியூஜெர்சிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மலடெரா, 1920-களிலிருந்து அங்கே தோட்டக்காரர்களைப் படுத்திக்கொண்டிருக்கிறது. அதற்காக ஓணம் வண்டும் பயிரை அழிக்கும் என்று நான் சொல்லவில்லை. நண்பன் என்று எழுதக் காரணம் எதுவும் இல்லை, அதுதான்.

முதல் மழை பெய்த ராத்திரி டியூப் லைட்டைச் சுற்றிச் சுற்றி வந்து சோற்றுத் தட்டில் 'டப்'பென்று விழுமே, அந்தப் பழுப்பு வண்டுகளில் ஒன்றைப் போன மாதம் பிடித்து, பேரன் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்ச நேரம் செத்தது போலக் கிடந்தது. அப்புறம் உணர்கொம்பை நீட்டி, நுனியில் ஒட்டிக்கிடந்த மூன்று தகடுகளைப் பனையோலை விசிறி மாதிரி விரித்தது. காற்றில் வாசனை பிடிக்கத்தான் அப்படி. ஸ்கேரப் குடும்பத்துக்கு அடையாளமே இந்த விசிறிதான். உங்கள் செய்தியில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

புது இனம் என்று எப்படி முடிவு செய்தார்கள் என்பதும் இல்லை. சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது! இந்த வகையில் பத்து இனங்களை வரிசையாக வைத்தாலும் வெளியே பார்த்து ஒன்றையும் பிரிக்க முடியாது. ஆண் வண்டின் வயிற்றைத் திறந்து, ஊசிமுனை அளவுள்ள இனப்பெருக்க உறுப்பை எடுத்து, அதன் வளைவையும் நுனியையும் நுண்ணோக்கியில் பார்த்து, ஏற்கெனவே பெயர் வைத்த இனங்களோடு ஒப்பிட வேண்டும். பிறகுதான் நீளம், நிறம், கால் முட்கள் என்று ஒவ்வொன்றாக எழுதி, ஒரே ஒரு வண்டை மூல மாதிரியாகத் தேர்ந்து, எந்த ஊர், எந்தத் தேதி என்று சீட்டுக் குத்தி அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒரு வண்டிடம்தான் திரும்பிப் போக வேண்டும். பெங்களூருவில் உள்ள ஏட்ரீ (ATREE) என்ற சூழலியல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் இதை ஒன்றுக்கல்ல, ஆறு இனங்களுக்குச் செய்து 2025-இல் வெளியிட்டார்கள். மற்றவை வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தவை. மணிப்பூரின் சுராசாந்த்பூர் பெயரில் ஒன்று, பாரசிங்கா மானின் பெயரில் ஒன்று. நீங்கள் பண்டிகைப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் நிஜ வண்டின் படத்தையே போடுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோலும் இருக்கட்டும். பழுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பார்ப்போம்.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
பொள்ளாச்சி வட்டம்