இருட்டில் திரையை நம்பச் சொல்வதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஒளிப்படப் பகுதியில், இரவில் எடுத்த படம் கேமரா திரையில் பளிச்சென்று தெரிந்தால் எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு) சரி, மேலே கவலைப்பட வேண்டாம் என்று ஒரு வரி வந்திருக்கிறது. இதை எப்படி அச்சேற விட்டீர்கள்? கண் இருட்டுக்கு நன்றாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும், அப்படிப் பழகிய கண்ணுக்கு அந்தச் சின்னத் திரையில் எதைக் காட்டினாலும் வெளிச்சமாகத்தான் தெரியும். உங்கள் கட்டுரையை நம்பி எங்கள் ஊர் சுவாமி புறப்பாட்டை எடுத்த என் தங்கை மகன், வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் எல்லாம் கரி. இரண்டு ஸ்டாப் குறைவு, அதாவது வேண்டிய வெளிச்சத்தில் கால்வாசிதான். அந்தப் புறப்பாடு இனி அடுத்த வருஷம்தான். படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் பையன் அங்கேயே சுதாரித்திருப்பான்.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் பற்றி நான் முன்பே உங்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பலாக்கத்தான் பார்க்கும். சுற்றிலும் இருட்டு, நடுவில் விளக்கொளியில் உற்சவர் என்றால், அது இருட்டை வெளுக்க வைக்கப் போய் சுவாமி முகத்தையும் கற்பூரச் சுடரையும் வெள்ளைத் திட்டாக்கிவிடும். முகத்தை மட்டும் அளக்கும்படி ஸ்பாட் மீட்டரிங் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு ஸ்டாப் குறைக்க வேண்டும். புறப்பாடு எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது, உங்களுக்கும் தெரியாமல் இருக்காது.

அப்புறம் அந்த கார்த்திகை இதழின் அட்டை. திருவண்ணாமலையில் 2,668 அடி மலையுச்சியில் மாலை 6 மணிக்கு தீபம் ஏற்றும்போது வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும். சுடர் அப்படியே எரியும், வானம் மட்டும் நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்கிக்கொண்டே போகும், அரை மணியில் மலையின் விளிம்பே தெரியாது. மலையும் தீபமும் ஒரே படத்தில் ஒத்துப்போவது அந்தக் கொஞ்ச நேரம்தான். அதைக் காத்திருந்து எடுத்த ஒருவரின் படத்தை வாங்கி, வெளிச்சம் ஏற்றி, வானத்தைச் சாம்பலாகவும் தீபத்தை வெள்ளைப் பொட்டாகவும் போட்டீர்கள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. அதே இதழில் தூரத்து மலைக்கு ஃபிளாஷ் போடச் சொல்லி ஒரு குறிப்பு வேறு! தூரம் இரண்டு மடங்கானால் ஃபிளாஷ் வெளிச்சம் கால்வாசியாகிவிடும், கிரிவலப் பாதையிலிருந்து அது உச்சிக்கு எங்கே போய்ச் சேரும்?

அடுத்த இதழில், திரையை நம்பச் சொன்ன அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இரவுப் படங்களுக்குக் கீழே ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு) மூன்றையும் ஒரு வரியாகக் கொடுங்கள். முன்பெல்லாம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்