ரவுட்டர், கேமரா, சிறு போர்டுகளுக்கு லினக்ஸ் படிமம் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கருவியின் கடிகாரத்தை இணையத்து நேரச் சர்வர்களோடு ஒத்துவைக்கும் நிரல் குரோனி. நீங்கள் வைத்து அனுப்பும் அதன் அமைப்புக் கோப்பை வாங்குபவர்களில் மிகச் சிலரே திறந்து பார்ப்பார்கள். நீங்கள் எழுதியதுதான் கருவியின் ஆயுள் முழுக்க ஓடும்.

நேரச் சர்வரின் ஐபி முகவரியை ஃபர்ம்வேரில் (கருவியோடு வரும் மென்பொருளில்) பதிக்கவே பதிக்காதீர்கள். 2003-இல் நெட்கியர் ரவுட்டர்களில் விஸ்கான்சின்-மாடிசன் பல்கலைக்கழகச் சர்வரின் முகவரி அப்படிப் பதிந்திருந்தது. பதில் வராவிட்டால் அவை வினாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தன. பல்கலைக்கழகத்தின் இணைப்பே திணறியது. வீடுகளுக்குப் போய்விட்ட லட்சக்கணக்கான பெட்டிகளை யார் திருத்துவது? என்டிபி பூலில் (பொது நேரச் சர்வர்களின் தொகுப்பு) உங்கள் நிறுவனத்துக்கென்று தனி மண்டலப் பெயர் கேட்டு வாங்கி, அதைப் போடுங்கள். நேரம் கேட்பதற்கான 64 முதல் 1024 வினாடி என்ற வழக்கமான இடைவெளியைக் குறைக்காதீர்கள்.

குறைந்தது நான்கு சர்வர் வேண்டும். இரண்டு முரண்பட்டால் எது தவறென்று தெரியாது. மூன்றில் ஒன்று விழுந்தால் மறுபடி அதே கதி. கூகுளின் சர்வரை மற்றவற்றோடு கலக்க வேண்டாம். பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக எப்போதாவது சேர்க்கும் லீப் வினாடியை அது 24 மணி நேரத்துக்குப் பரப்புவதால் நடுவே அரை வினாடி விலகி நிற்கும்.

அதிகம் பிசகுவது 'மேக்-ஸ்டெப்' வரியில். '1.0 3' என்று வையுங்கள்: ஒரு வினாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதல் மூன்று திருத்தங்களில் மட்டும் கடிகாரம் தாவும், பிறகு மெல்ல நகர்ந்தே சரியாகும். 3-க்குப் பதில் -1 போட்டால் எப்போது வேண்டுமானாலும் தாவும். பின்னோக்கித் தாவினால் லாக் (நிகழ்வுப் பதிவு) வரிசை குலையும். வரியையே விட்டுவிட்டாலோ, குரோனி இயல்பாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு வேகம்தான் கூட்டும். ஒரு மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்துக்கே அரை நாள் ஆகும். நேரம் தெரியாமல் 1970 என்ற தேதியோடு விழித்தெழும் போர்டின் கதியை நீங்களே கணக்கிடுங்கள்.

ஆர்டிசி (மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் பேட்டரிக் கடிகாரம்) இல்லாத போர்டில் இன்னொரு முடிச்சும் உண்டு. நேரம் தவறாக இருந்தால், சர்வர் பெயருக்கான முகவரியைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் கையொப்பம் செல்லாது, முகவரி கிடைக்காது. முகவரி கிடைக்காமல் நேரம் வராது. குரோனியை '-எஸ்' விருப்பத்துடன் தொடங்கினால், ட்ரிஃப்ட் கோப்பு (கடிகாரத்தின் வேகப் பிழையைக் குறித்துவைப்பது) கடைசியாக எழுதப்பட்ட நேரத்திலிருந்து கடிகாரம் ஓடும். அந்தக் கோப்பு ராமில் அல்ல, ஃபிளாஷில் இருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு நேரம் கொடுக்க அனுமதிக்கும் 'அலோ' வரி வேண்டாம். வீட்டுக் கருவி ஊருக்கு நேரம் சொல்ல வேண்டியதில்லை.

அனுப்பும் முன் பேட்டரியைக் கழற்றி, கேபிள் இல்லாமல் கருவியை எழுப்பி, பத்து நிமிடம் கழித்துக் கேபிளைச் செருகி, 'குரோனிசி ட்ராக்கிங்' கட்டளை என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.