வெறுங்கண்ணுக்கு எட்டும் ஆண்ட்ரோமெடா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனாகிய சிரியஸ் 8.6 ஒளியாண்டு (ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம்) தொலைவில்தான் இருக்கிறது. ஓரியன் விண்மீன் குழுவிலுள்ள ரீகல் என்னும் விண்மீனோ பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருந்தும், தன் இயல்பான பேரொளியால் முதல்வரிசை விண்மீன்களுள் இடம்பெறுகிறது. இதைவிட வியப்பானது, எண்ணற்ற விண்மீன்கள் அடங்கிய ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் (கேலக்ஸி). சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள அதனை, நிலவில்லாத இருண்ட வானில் மங்கிய வெண்திட்டாக வெறுங்கண்ணாலேயே காணலாம். உற்று நோக்காமல் பார்வையைச் சற்றே விலக்கினால், மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் மையத்துக்கு வெளியே மிகுந்திருப்பதால், அது மேலும் தெளிவாகும். விளக்கொளி மிகுந்த இடங்களில் இக்காட்சி முற்றிலும் மறைந்துவிடுவது எனக்குப் பெரும் வருத்தம். ஆகவே, விளக்குகளைக் கீழ்நோக்கி மூடியமைப்பதன் அவசியத்தை எழுதுவதோடு, மாதந்தோறும் ஒரு வான்வரைபடமும் தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்