ஆகாய கங்கைக்குப் புறப்படும் நேரத்தை ஏன் மாற்றினோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

கொல்லிமலை ஒருநாள் பயணத்துக்கு இதுவரை காலை ஏழு மணிக்கு நாமக்கல்லிலிருந்து வேனை எடுத்தோம். இனி ஐந்தே காலுக்கு எடுக்கிறோம். "ஞாயிற்றுக்கிழமைகூடத் தூங்க விடமாட்டீங்களா?" என்று போனில் கேட்டவர்கள் பலர். கேட்டதில் தப்பே இல்லை. ஒவ்வொருவருக்கும் போனில் அவசரமாகப் பதில் சொல்வதைவிட, எல்லோருக்கும் சேர்த்து ஒருமுறை விவரமாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

மற்ற மலைகளில் தெம்பு இருக்கும்போது ஏறுவோம், களைத்த பிறகு இறங்குவோம். கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவியில் இது தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் வண்டியை விட்டு இறங்கினால், அருவி நமக்குக் கீழே, மரங்களுக்குள் மறைந்த பள்ளத்தில் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஒரு படி அரை அடி என்று வைத்தாலும் ஐந்நூறு அடி, அதாவது ஐம்பது மாடி. போகும்போது இறக்கம் என்பதால் குழந்தைகள் ஓடுவார்கள், பெரியவர்களும் பேசிச் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். கீழே சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்ததும் நேரம் போவதே தெரியாது. குளித்து, நனைந்து, பசித்து, தொடை நடுங்கும்போதுதான் அந்த ஐம்பது மாடியும் நம் முன்னால் நிற்கும்.

ஆகவே இந்தப் பயணத்தைக் காலையிலிருந்து திட்டமிடக் கூடாது, ஏறி முடிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். இதை நாங்கள் கற்றுக்கொண்டது எங்கள் தவறு ஒன்றின் மூலம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். வழியில் டிபன் சாப்பிடத் தாமதமாகி, அடுத்து வியூ பாயிண்டில் போட்டோவுக்கு நின்று, கோயிலில் அர்ச்சனையும் முடித்துப் படியில் கால் வைக்கும்போது மணி பன்னிரண்டரை. வந்தவர்கள் ஆசையாகக் கேட்டார்கள், நாங்களும் மறுக்கவில்லை. மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கியது. ஏறும் வழியில் ஐம்பது வயதைக் கடந்த அம்மா ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பத்துப் படி ஏறுவார், உட்காருவார். மழையில் படி தெரியவில்லை. போன் வெளிச்சத்தில் அவரைத் தாங்கிப் பிடித்து மேலே கொண்டுவந்து சேர்த்தபோது ஏழு மணி தாண்டிவிட்டது. அதன் பிறகு பனிமூட்டத்தில் எழுபது வளைவு இறங்க வேண்டியிருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கும் எங்களோடு வேறு ஊர்களுக்கு வருகிறார். ஆனால் அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

அதன் பிறகுதான் கணக்கை மாற்றினோம். மாலை ஐந்தரைக்குள் வேன் காரவள்ளி அடிவாரத்தைத் தொட்டிருக்க வேண்டும். அதற்குக் கோயிலிலிருந்து மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒன்றரை மணி நேரம் கழித்தால், ஒன்றரைக்குள் கடைசி ஆள் மேலே வந்திருக்க வேண்டும். ஏற ஒன்றரை மணி நேரம், மெதுவாக ஏறுபவர்களுக்கு இரண்டு மணி நேரம். கீழே ஒரு மணி நேரம், இறங்க முக்கால் மணி நேரம். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் ஒன்பதே முக்காலுக்கு முதல் படியில் கால் வைத்தாக வேண்டும். வனத்துறைச் சீட்டு வாங்குமிடத்தில் கூட்டம் சேரும் முன் நிற்க வேண்டும், வழியில் ஒரு டீயும் குடிக்க வேண்டும். ஐந்தே காலுக்குக் காரணம் இதுதான். பதினொன்றரைக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் படி இறங்க அழைத்துப் போக மாட்டோம். ஓட்டுநர் அண்ணனிடமோ வழிகாட்டித் தம்பியிடமோ கெஞ்ச வேண்டாம். இந்த விஷயத்தில் எங்களையே எதிர்த்துப் பேசும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம்.

காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் எண்ணிக்கொண்டு வரட்டும், நல்ல பொழுதுபோக்கு. வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், போனைப் பார்க்காமல் சாலையைப் பாருங்கள். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. இரண்டு இட்லி போதும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது முறை. திரும்பும்போது எங்கள் வேன் நின்று நின்று வருவது அதனால்தான்.

இனி மழையைப் பற்றி. இந்தப் பகுதியைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

ஆகாய கங்கையில் விழுவது ஐயாறு. மலைமேல் ஐந்து ஓடைகள் கூடி வருவதால் இந்தப் பெயர் என்பார்கள். நாம் நிற்கும் பள்ளத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். மேலே வயல்களுக்கும் காபித் தோட்டங்களுக்கும் அப்பால் எங்கோ ஒரு மணி நேரம் கொட்டிய மழை, எல்லா ஓடையும் சேர்ந்து நம் தலைமேல் வந்து விழும். பள்ளத்தில் நிற்பவருக்கு வானத்தில் ஒரு துண்டுதான் தெரியும், மழை வருவது தெரியாது. அதனால் எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பது கோயிலருகே ஓடும் ஆற்றை. அங்கே தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் இறங்குவோம். செம்மண் கலங்கலாக இருந்தால் அன்றைக்கு அருவி கிடையாது, வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி.

கீழே போன பிறகும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் உண்டு. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் அதிகமாக மிதந்து வருவது, அருவியின் சத்தம் கனப்பது. இதில் ஒன்றைக் கண்டாலும் துணிமணியை எடுக்கக்கூட நிற்காமல் படிப்பக்கம் வந்துவிடுங்கள். அந்த உயரத்திலிருந்து தண்ணீரோடு கல்லும் வரும். வனத்துறையினர் கட்டியிருக்கும் எல்லையைத் தாண்டி அருவிக்கு நேர் அடியில் நிற்க ஆசைப்படுபவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். எல்லைக்கு இப்பால் நின்றாலே சாரல் உங்களை முழுக்க நனைத்துவிடும். காற்றடிக்கும்போது ஒரு பெரிய விசிறி நம்மேல் வீசுவது போல இருக்கும். எத்தனை முறை போனாலும் எங்களுக்கு அது அலுத்ததில்லை.

காலணி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கிறோம். ஹவாய் செருப்போடு வந்தால் படி இறங்க விடமாட்டோம். பாசி பிடித்த கல்லில் அது சோப்பு மாதிரி வழுக்கும். விலை உயர்ந்த டிரெக்கிங் ஷூ தேவையில்லை. பின்பக்கம் வார் வைத்த, அடியில் வரிவரியாகப் பள்ளம் உள்ள சாதாரண சாண்டல் போதும். தேய்ந்துபோன பழைய ஷூவைவிட அது நல்லது. இறங்கும்போது ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கூடுதல் சுமை. மாற்றுத் துணியை வேனிலேயே வைத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கடலைமிட்டாய், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒரு பொட்டலம், இவ்வளவுதான் கையில் இருக்க வேண்டும். கைப்பையை மூடியே வைத்திருங்கள். படிவழிக் குரங்குகளுக்குப் பாலிதீன் சத்தம் கேட்டால் போதும். எடுத்துப்போகும் பாட்டிலும் மிட்டாய்த் தாளும் திரும்ப வேனுக்கு வர வேண்டும். சாக்குப் பை ஒன்று வழிகாட்டித் தம்பியிடம் இருக்கும்.

மேலே வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள். மிளகு காரத்தோடு சூடாக ஒரு டம்ளர் குடித்தால் போன உயிர் திரும்பும். குடியுங்கள், மலைவாழ் மக்களுக்கு அது பிழைப்பும்கூட. ஆனால் முட்டிவலிக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, அந்தச் சூப்பை நம்பி வலியுள்ள முட்டியோடு படி இறங்காதீர்கள். ஏறுவதில் மூச்சு வாங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இதய நோயாளிகள், முட்டி அறுவை செய்தவர்கள், கர்ப்பிணிகள் கீழே வர வேண்டாம். அவர்களை வேனில் உட்கார வைத்துவிட்டுப் போக மாட்டோம். மாசிலா அருவியும் 'நம்ம அருவி' என்ற பெயருள்ள இன்னொரு அருவியும் பக்கத்திலேயே இருக்கின்றன, அவ்வளவு படிகள் இல்லாமல் போய்க் குளிக்கலாம். கோயிலை ஒட்டிய ஆற்றில் மீன்களுக்குப் பொரி போடலாம். அந்த மீன்களைச் சாமி மீன் என்று யாரும் பிடிப்பதில்லை. தாத்தா பாட்டிகளுக்கு இந்த வழியை ஏற்பாடு செய்து கொடுத்ததில் எங்களுக்கு நிறைய சந்தோஷம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இளைஞர்கள் சிலர் வேறொன்று கேட்கிறார்கள். ஆகாய கங்கைத் தண்ணீர் கீழே புளியஞ்சோலையில் போய்ச் சேர்கிறதே, அங்கிருந்து காட்டுவழியாக ஏற்றிவிடுவீர்களா என்று. மாட்டோம். அது காப்புக்காடு, வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிட முடியாது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை அரசு கொண்டுவந்தது. 2024-இல் மாநிலம் முழுக்க 40 பாதைகளை வனத்துறையே திறந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு அழைத்துப் போகிறது. காட்டுக்குள் நடக்கும் ஆசை உள்ளவர்கள் அதில் முன்பதிவு செய்யுங்கள். எப்படிச் செய்வது என்று கேட்டால் நாங்களே உட்கார்ந்து பதிந்து தருகிறோம், எங்களுக்கு அதில் வருமானம் எதுவும் தேவையில்லை.

எந்த மாதம் வரலாம் என்பதற்கு எங்கள் பதில், புரட்டாசியும் மார்கழி, தை மாதங்களும். தண்ணீரும் இருக்கும், வெயிலும் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அருவி மிக அழகாக இருக்கும், ஆனால் பாதிப் பயணங்கள் ரத்தாகும் என்ற மனநிலையோடு பதியுங்கள். சித்திரையில் தண்ணீர் மெலிந்துவிடும், தூரத்திலிருந்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் படிப் பயணம் வைக்க மாட்டோம். செம்மேட்டில் ஓரி சிலைக்கு மாலை போடுவதைப் பார்க்கவும் விழாவுக்காகவும் வர விரும்பினால் தனி வேன் உண்டு.

பணம் பற்றி. ஆற்றைப் பார்த்து நாங்களோ வனத்துறையோ இறங்க வேண்டாம் என்று முடிவு செய்தால், மற்ற இடங்களைச் சுற்றிக் காட்டிவிட்டு, கட்டணத்தில் பாதியை அன்றே திருப்பித் தருவோம். அல்லது அடுத்த பயணத்துக்கு வரவு வைத்துக்கொள்ளலாம். முந்தைய இரவே மழை நிலவரம் பார்த்து ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். தாமதமாக வருபவர்களுக்காக ஐந்தே காலுக்கு மேல் பத்து நிமிடம்தான் காத்திருக்க முடியும். அந்தப் பத்து நிமிடத்தை மற்ற பதினோரு பேரின் ஏறும் நேரத்திலிருந்துதான் எடுக்கிறோம்.

பதியும்போது வயது, முட்டி, மூச்சு, மாத்திரை விவரங்களை மறைக்காமல் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் யார் பின்னால் யார் ஏறுவது என்று வழிகாட்டித் தம்பி முடிவு செய்கிறார். அந்த வாரப் பயணத்துக்கு வியாழக்கிழமை மாலைக்குள் தெரிவித்தால் போதும். ஐந்து மணிக்குக் கடை வாசலில் சுக்குக் காபி தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வேன் பயண ஏற்பாட்டாளர்கள்,
நாமக்கல்