முஸ்அப் (ரலி) அவர்களின் மதீனாப் பணி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தங்கள் இதழின் நபித்தோழர்கள் வரிசையில் முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மக்காவில் உயர்ந்த ஆடையும் நறுமணமுமாக வளர்ந்த அந்த இளைஞர் உஹதுப் போர்க்களத்தில் ஷஹீதானபோது (உயிர்த்தியாகம் செய்தபோது) உடலைக் கஃபனிட, அதாவது அடக்கத்துக்காகப் போர்த்த, ஒரே ஒரு துணிதான் இருந்தது, தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது, கடைசியில் கால்களின் மீது இத்கிர் புல்லைப் போட்டார்கள் என்ற செய்தியைக் கட்டுரையாளர் உருக்கமாக எழுதியிருக்கிறார். நபித்தோழர் கப்பாப் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரி என்னும் நபிமொழித் தொகுப்பில் உள்ளது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கி.பி. 625இல் நிகழ்ந்த அந்த மரணத்துக்குப் பக்கங்களை ஒதுக்கியவர், அதற்கு முன் அவர் மதீனாவில் ஆற்றிய பணியை ஒரே வரியில் கடந்துவிட்டார். நம் ஜும்ஆ உரைகளிலும் பெரும்பாலும் இதுவே நடக்கிறது என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

621இல் மக்காவுக்கு அருகிலுள்ள அகபாவில், யத்ரிப் (மதீனாவின் பழைய பெயர்) நகரத்தார் சிலர் நபியவர்களிடம் உறுதிமொழி அளித்த முதல் அகபா உடன்படிக்கை முடிந்தபின், அந்நகர மக்களுக்குக் குர்ஆனைக் கற்பிக்க நபி (ஸல்) அவர்கள் தேர்ந்தெடுத்தது முஸ்அபைத்தான். இஸ்லாத்தை ஏற்றதற்காகப் பெற்ற தாயாலேயே அடைத்துவைக்கப்பட்டு, அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்து (புலம்பெயர்ந்து) திரும்பியவர் அவர். யத்ரிபில் அஸ்அத் பின் ஸுராரா (ரலி) அவர்களின் வீட்டில் தங்கி, குலம் குலமாகச் சென்று பேசினார். அஸ்அத் தம் சிறிய தாயாரின் மகன் என்பதால் நேரில் சென்று கண்டிக்கத் தயங்கிய பனூ அப்துல் அஷ்ஹல் குலத் தலைவர் ஸஅத் பின் முஆத், அவர்களை விரட்டிவிட்டு வருமாறு உஸைத் பின் ஹுளைரை அனுப்பினார். ஈட்டியுடன் வந்து மிரட்டிய உஸைதிடம் முஸ்அப் கேட்டுக்கொண்டதெல்லாம், சற்று அமர்ந்து கேளுங்கள், பிடித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நாங்கள் நிறுத்திவிடுகிறோம் என்பதுதான். அது நியாயமான பேச்சு என்று ஈட்டியைத் தரையில் ஊன்றி அமர்ந்த உஸைத், குர்ஆனைக் கேட்டு அங்கேயே இஸ்லாத்தை ஏற்றார். பின்னர் வந்த ஸஅதும் ஏற்க, அன்று மாலைக்குள் பனூ அப்துல் அஷ்ஹல் குலத்தின் பெரும்பகுதியே முஸ்லிமாகிவிட்டது.

படையோ பணமோ இன்றி, எதிரில் நிற்பவருக்கு மறுக்கும் உரிமையையும் சேர்த்தே கொடுத்து ஒருவர் செய்த பணி இது. மறு ஆண்டு ஹஜ்ஜுக் காலத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோர் அகபாவில் உறுதிமொழி அளித்ததும், அதையடுத்து நபியவர்களின் மதீனா ஹிஜ்ரத்துக்கு வழி திறந்ததும் இப்பணியின் தொடர்ச்சி என்றே நான் கருதுகிறேன். அவருடைய தியாகத்தைச் சொல்லும்போது இந்த அறிவுப் பணியைச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் நீதியாகாது.

அன்று மதீனாவில் சிறுவராக இருந்த பராஉ பின் ஆஸிப் (ரலி), தங்களிடம் முதலில் வந்து குர்ஆனைக் கற்பித்தவர்கள் முஸ்அபும் இப்னு உம்மி மக்தூமும் என்றும், நபியவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே தாம் ‘ஸப்பிஹிஸ்ம ரப்பிக்கல் அஃலா’ அத்தியாயத்தை ஓதக் கற்றிருந்ததாகவும் கூறுகிறார். இந்த அறிவிப்பும் புகாரியிலேயே உள்ளது. தொடரின் அடுத்த பகுதியிலேனும் இதற்கு உரிய இடம் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்